தேன்பெட்டி வாசலில் கிடக்கும் குப்பை: பெருக்குவதற்கு முன் படித்துப் பாருங்கள்

கேள்வி: புதிதாக ஒரு தேன்பெட்டி வைத்திருக்கிறேன். தினமும் காலையில் வாசலுக்குக் கீழே பத்துப் பதினைந்து தேனீக்கள் செத்துக் கிடக்கின்றன. சில நாள் வெள்ளைப் புழுக்களும், சுண்ணாம்புத் துண்டு மாதிரி ஏதோவும் கிடக்கின்றன. பெட்டியைத் திறந்து சுத்தம் செய்ய வேண்டுமா? மருந்து ஏதாவது வைக்கலாமா?

பதில்: முதலில் மருந்தை ஓரமாக வையுங்கள். பத்துப் பதினைந்து தேனீ என்பதெல்லாம் ஒரு கணக்கே இல்லை. பூக்கள் நிறைந்த பருவத்தில் நல்ல ராணி ஒரு நாளைக்கு ஆயிரம் முட்டைக்கு மேல் இடும், அப்போது பணித்தேனீயின் ஆயுளோ சுமார் ஆறு வாரம்தான், அப்படியானால் பிறக்கிற அளவுக்குச் சாகவும் வேண்டுமே! பெரும்பாலானவை இரை தேடப் போன இடத்திலேயே விழுந்துவிடும். கூட்டுக்குள் சாகிற சொற்பத்தைத்தான் நீங்கள் காலையில் பார்க்கிறீர்கள்.

அதுவும் வாசலில் கிடப்பதற்குக் காரணம் இருக்கிறது. பிணம் தூக்குவதற்கென்றே கூட்டில் ஒரு சிறு கூட்டம் உண்டு, எந்த நேரத்திலும் மொத்தத்தில் நூற்றுக்கு ஒன்று என்ற அளவில்தான் இருக்கும், வயது பெரும்பாலும் இரண்டு மூன்று வாரம். தேனீ செத்த கொஞ்ச நேரத்தில் உடம்பின் வாசனை மாறிவிடுகிறது, ஒலீயிக் அமிலம் போன்ற பொருட்களின் வாடையை வைத்து இவை கண்டுபிடித்து, இறக்கையையோ காலையோ தாடையால் கவ்வி வாசல்வரை இழுத்து வரும். பகலில் பத்து நிமிடம் வாசல் பக்கம் உட்கார்ந்து பாருங்கள்: கிட்டத்தட்ட தன் எடையே உள்ள பிணத்தைத் தூக்கிக்கொண்டு தடுமாறிப் பறந்து, தாழ்ந்து தாழ்ந்து போய், பல மீட்டர் தள்ளிப் போட்டுவிட்டுத் திரும்பும். இரவில் பறக்க முடியாது. ஆகவே வாசலோடு விட்டுவிடும்.

சரி, புழுக்களுக்கு வருவோம், கவனிக்க வேண்டியது இதைத்தான். வெளியே கிடக்கும் புழு நகர்ந்து ஓடுகிறதா என்று பாருங்கள். தேனீப் புழுவுக்குக் கால் கிடையாது. கால் இருந்து வேகமாக ஊர்ந்தால் அது மெழுகு அந்துப்பூச்சியின் புழு, அதைத் தேனீக்களே பிடித்து எறிந்திருக்கின்றன என்றால் கூடு பலமாக இருக்கிறது என்று சந்தோஷப்படலாம். காலில்லாத வெள்ளைப் புழுவோ கூட்டுப்புழுவோ கிடந்தால் காரணம் குளிராக இருக்கலாம், பட்டினியாக இருக்கலாம் (சாப்பாடு குறைந்தால் ஆண் தேனீப் புழுக்களைத்தான் முதலில் தூக்கி எறியும்), நோயாகவும் இருக்கலாம். முதல் வேலையாக, அடை கட்டியிருக்கும் மரச்சட்டங்களில் தேனும் மகரந்தமும் இருக்கிறதா என்று பாருங்கள்.

சுண்ணாம்புத் துண்டு விஷயத்தில் அவசரப்பட்டு முடிவுக்கு வராதீர்கள், அதே அளவில் இரண்டு பொருள் விழும். ஒன்றை எடுத்து விரலால் நசுக்குங்கள். மஞ்சள், ஆரஞ்சு, பழுப்பு என்று அடுக்கடுக்காக உடைந்தால் அது பூஞ்சை பிடித்துக் கெட்டுப்போன மகரந்தக் கட்டி. அடையின் அறைக்குள் பலவித மகரந்தத்தைத் தேனீக்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தலையால் இடித்துத்தான் சேமிக்கும், அது இறுகிக் கெட்டால் அப்படியே பெயர்த்து வெளியே தள்ளிவிடும். உடையாமல் கெட்டியாக, வெள்ளையாகவோ கருஞ்சாம்பலாகவோ இருந்தால் அது ஒரு பூஞ்சையால் செத்து விறைத்துப்போன புழு, சுண்ணாம்புப் புழு நோய் என்பார்கள். அதற்கு மருந்தைவிடக் காற்றோட்டம்தான் முக்கியம்: பெட்டிக்குள் ஈரம் தங்காமல் வாசல் பக்கம் லேசாகச் சாய்த்து வையுங்கள், மிக மோசமான அடையை எடுத்துவிடுங்கள்.

நோய்ப்பட்ட புழுவைக் கண்டுபிடித்து எறிவதில் எல்லாக் கூடும் ஒரே மாதிரி கெட்டிக்காரத்தனம் காட்டாது. இது பரம்பரையாக வருகிற குணம் என்று அமெரிக்க ஆய்வாளர் வால்டர் ராத்தன்பூலர் 1964-லேயே காட்டினார். புழு அறையின் மெழுகு மூடியைத் திறப்பது ஒரு குணம், உள்ளே இருப்பதை இழுத்துப் போடுவது இன்னொரு குணம் என்றார், சில கூடுகள் திறந்துவிட்டு அப்படியே விட்டுவிடும்! மரபணுக் கணக்கு அவர் நினைத்ததைவிடச் சிக்கலானது என்று பிறகு தெரிந்தாலும் அடிப்படை சரிதான். உங்கள் கூடு எப்படி என்று பார்க்க, மூடிய புழு அறைகள் நெருக்கமாக உள்ள இடத்தில் நூறு அறைகளை மெல்லிய ஊசியால் குத்தி, அந்த இடத்தை அடையாளம் வைத்துவிட்டு, மறுநாள் அதே நேரம் திறந்து பாருங்கள். அநேகமாக எல்லா அறையும் துடைத்து வைத்த மாதிரி இருந்தால் நல்ல ராணி கிடைத்திருக்கிறது. பாதிகூடக் காலியாகாவிட்டால் அடுத்தமுறை ராணியை மாற்றுவது பற்றி யோசியுங்கள்.

தேனீயின் உடம்பிலும் புழுவிலும் ஒட்டி வாழும் வரோவா என்ற உண்ணிக்கும் இதே சுத்தம்தான் ஆயுதம். நம் நாட்டு அடுக்குத் தேனீக்கு, அதாவது ஏப்பிஸ் செரானாவுக்கு, இந்த உண்ணி பழைய எதிரி. ஒன்றுக்கொன்று உடம்பைத் துழாவி உண்ணியைப் பிடித்துக் கடிக்கத் தெரியும், உண்ணியும் பெரும்பாலும் ஆண் புழு அறைகளில்தான் பெருகும். இத்தாலியத் தேனீக்கு அவ்வளவு பழக்கமில்லை. ஆகவே இத்தாலியப் பெட்டியின் அடிப்பலகையில் செம்பழுப்பு நிறப் புள்ளிகள் விழுந்திருந்தால், அல்லது சுருங்கிய இறக்கையோடு தேனீக்கள் தரையில் ஊர்ந்தால், உண்ணி எண்ணிக்கையைப் பார்த்தே ஆக வேண்டும். இதைக் கூடு தானாகச் சமாளிக்கும் என்று விடாதீர்கள்.

அப்புறம், மலம். நலமாக உள்ள தேனீ கூட்டுக்குள் அசிங்கம் செய்யாது, வெளியே பறந்துதான் போகும், அதனால் அக்கம்பக்கத்தில் மஞ்சள் பொட்டுகள் தெரிவது சாதாரணம். குளிர்நாடுகளில் வாரக்கணக்கில் அடக்கி வைத்திருக்கும். புழு வளரும்போது குடலின் பின்புறம் மூடியே இருக்கும், அறையை மூடிய பிறகுதான் ஒரே தடவையாகக் கழித்து அதைத் தன் கூட்டுப்பட்டோடு சேர்த்து அறைச் சுவரில் ஒட்டிவிடும். புதிதாகப் பிறந்த தேனீக்களின் முதல் வேலையே அந்த அறைகளை நக்கிச் சுத்தம் செய்வதுதான், ஆனாலும் பட்டு உறை முழுக்கப் போகாது, அடை வருடா வருடம் கறுத்து அறை சிறுக்கும். அந்தக் கறுப்பு அடைகளை மாற்றுவது மட்டும் உங்கள் வேலை. வாசல் முகப்பிலும் சட்டங்களின் மேலும் பழுப்பாகக் கோடுகோடாக வழிந்திருந்தால் அது வயிற்றுப்போக்கு, தனியாகக் கவனிக்க வேண்டும்.

ஆக, பெட்டியைத் தினமும் திறந்து துடைக்க வேண்டாம். வாசலுக்குக் கீழே ஒரு வெள்ளைப் பலகை போட்டு வையுங்கள், காலையில் பார்த்துவிட்டுத் தட்டிவிடுங்கள். திடீரென்று ஒரே நாளில் நூற்றுக்கணக்கில், நாக்கை நீட்டியபடி செத்துக் கிடந்தால் அக்கம்பக்கத்தில் யாராவது பூச்சிமருந்து அடித்தார்களா என்று விசாரியுங்கள். வாசலில் ஒன்றுமே விழாமல் பெட்டிக்குள் துர்நாற்றம் அடித்தால்தான் நான் பயப்படுவேன். புழு அறை மூடிகள் உள்வாங்கி, ஓட்டை விழுந்து, தீக்குச்சியால் கிளறினால் உள்ளே இருப்பது பழுப்பு நூலாக இழுபட்டால் பெட்டியை மூடிவிடுங்கள், அந்தச் சட்டத்தையோ கருவிகளையோ வேறு பெட்டிக்குக் கொண்டுபோகாதீர்கள், அன்றைக்கே தேனீ நோய் தெரிந்த அலுவலர் ஒருவரைக் கூப்பிடுங்கள்.