சளி கல்ச்சர் ரிப்போர்ட் வர ஏன் மூன்று நாள் ஆகிறது? அப்பாவின் ரிப்போர்ட்டில் 28 மி.மீ. என்று போட்டிருக்கும் மருந்துதான் வலுவானதா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: இல்லை. மைக்ரோபயாலஜி லேபில் பதினோரு வருடமாக டெக்னீஷியனாக இருக்கிறேன். ரிப்போர்ட் வாங்க வருகிறவர்கள் பலருக்கும் இந்தக் குழப்பம் இருக்கிறது.

கிருமி வளர்க்கும் அகார் தட்டில் கிருமியைச் சீராகப் பூசி, மருந்து ஏற்றிய சின்னக் காகித டிஸ்க்குகளை மேலே வைப்போம். மருந்து சுற்றிலும் பரவும். கிருமி வளர முடியாத இடம் வட்டமாகத் தெளிந்திருக்கும். அந்த வட்டத்தின் விட்டம்தான் நீங்கள் பார்த்த மில்லிமீட்டர். எல்லா மருந்தும் ஒரே மாதிரி பரவாது, அதனால் ஒவ்வொன்றுக்கும் தனி எல்லை. நிமோனியாவுக்கு முக்கியக் காரணமான நியூமோகாக்கஸுக்கு வேன்கோமைசின் 17 மி.மீ. காட்டினாலே சென்சிட்டிவ், அதாவது மருந்துக்குக் கிருமி அடங்கும். எரித்ரோமைசின் 20 காட்டினாலும் போதாது, 21 வேண்டும்.

நாள் கணக்குக்கு வருகிறேன். சளியை பிளட் அகார், சாக்லேட் அகார் என்று இரண்டு வகை வளர்ப்புத் தட்டுகளில் போட்டு ஓர் இரவு விட வேண்டும். மறுநாள் வளர்ந்திருப்பதில் வாயில் சாதாரணமாக வாழும் கிருமிகளும் கலந்திருக்கும். அவற்றிலிருந்து நோய்க்கிருமியைப் பிரித்து அடையாளம் காண வேண்டும். அதன் பிறகு மருந்துச் சோதனைக்கு இன்னும் 20 முதல் 24 மணி நேரம். இதில் எதையும் அவசரப்படுத்த முடியாது.

பென்சிலின் விஷயம் இன்னும் நுணுக்கமானது. நியூமோகாக்கஸுக்கு பென்சிலின் டிஸ்க் வைப்பதில்லை, ஆக்ஸாசிலின் டிஸ்க்தான் வைப்போம். 20 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் பென்சிலின் வேலை செய்யும். குறைந்தால்? வேலைக்குச் சேர்ந்த புதிதில் 16 வந்ததைப் பார்த்து ‘பென்சிலின் ரெசிஸ்டன்ட்’, அதாவது பென்சிலினுக்கு அடங்காது என்று எழுதிவிட்டேன். சீனியர் மேடம் கையெழுத்துப் போடாமல், மருந்தின் அளவு படிப்படியாக மாறும் பட்டையை வைத்துப் பார்க்கும் ஈ-டெஸ்ட் வைக்கச் சொன்னார். கிருமியை அடக்கத் தேவையான குறைந்தபட்ச மருந்து மில்லிலிட்டருக்கு 0.5 மைக்ரோகிராம் என்று வந்தது. நிமோனியா நோயாளிக்கு ஊசியாகப் போடும் பென்சிலினுக்கு 2 வரை சென்சிட்டிவ்தான். அதே கிருமி மூளைக்காய்ச்சல் நோயாளியின் தண்டுவட நீரில் கிடைத்திருந்தால் 0.12 வந்தாலே ரெசிஸ்டன்ட். நல்ல மருந்து ஒன்றை அந்த நோயாளிக்குக் கிடைக்காமல் செய்ய இருந்தேன். அன்றிலிருந்து எந்த எண்ணையும் எந்தக் கிருமி, உடம்பில் எந்த இடம் என்று பார்க்காமல் நான் எழுதுவதில்லை.

ஒரு வேண்டுகோள். கொண்டுவருவது எச்சிலாக இருந்தால் மேலே சொன்ன எதுவும் பயன்படாது. மைக்ரோஸ்கோப்பில் வாய்த்தோல் செல்கள் நிறையத் தெரிந்தால் வேறு சளி கேட்டுத் திருப்பி அனுப்புவோம். காலையில் வாயை வெறும் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு, நெஞ்சிலிருந்து ஆழமாக இருமி வரும் சளியை, முடிந்தால் ஆன்டிபயாடிக் முதல் டோஸுக்கு முன்பே எடுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் லேபில் கொடுத்துவிடுங்கள். நியூமோகாக்கஸ் வெளியில் அதிக நேரம் தாங்காது.