பார்மா: ஒரே கிளப், இரண்டு திவால்

அன்புள்ள ஐயா,

இத்தாலியக் கால்பந்து பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். பார்மா பற்றி ஒரு சந்தேகம். பஃபோன், துராம், கன்னவாரோ, க்ரெஸ்போ எல்லாம் ஒன்றாக ஆடிய அணி அது. 2004இல் ஒரு முறை, 2015இல் ஒரு முறை திவாலாகியிருக்கிறது. முதல் முறை இத்தாலியின் முதல் நிலையான சீரி ஏவிலேயே நீடித்தார்கள். இரண்டாம் முறை நான்காம் நிலையான சீரி டிக்குப் போய்விட்டார்கள். ஒரே கிளப்புக்கு ஏன் இரண்டு விதமான முடிவு? மோசமாக ஆடியதுதான் காரணமா? மூன்றே வருடத்தில் எப்படித் திரும்பி வந்தார்கள்? இப்போது அமெரிக்க முதலாளி இருக்கிறார், இனி இப்படி நடக்காது என்று நம்பலாமா?

அன்புடன்
எஸ்.

அன்புள்ள எஸ்,

ஆட்டத்துக்கும் இந்த இரண்டு வீழ்ச்சிகளுக்கும் சம்பந்தம் மிகக் குறைவு. முதல் திவால் நடந்த 2003-04 பருவத்தில் பார்மா ஐந்தாம் இடம். இரண்டாம் திவாலுக்கு முந்தைய 2013-14 பருவத்தில் ஆறாம் இடம். இரண்டு முறையும் கணக்குப் புத்தகத்தில்தான் விழுந்தார்கள். கிளப்பின் கடனைத் தன் தலையில் ஏற்றிக்கொள்ள, அடுத்த பருவத்துக்கான பதிவுத் தேதிக்குள் ஓர் ஆள் இருந்தாரா, இல்லாவிட்டால் ஆள் வரும்வரை காத்திருக்கச் சட்டம் அவகாசம் தந்ததா என்பதே இரண்டு முடிவுகளையும் பிரித்தது. இத்தாலியில் எந்தக் கிளப் திவாலானாலும் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

தொண்ணூறுகளின் பார்மா எங்கிருந்து வந்தது என்பதிலிருந்து தொடங்குகிறேன். மக்கள்தொகை இரண்டு லட்சத்தைத் தொடாத ஊர். 1913இல் தொடங்கிய கிளப் 1990 வரை சீரி ஏவுக்கு ஏறியதே இல்லை. பக்கத்துக் கொலேக்கியோவில் பால் பதப்படுத்தும் ஆலை வைத்திருந்த கலிஸ்டோ டான்ஸியின் பார்மலாட் நிறுவனம் 1987இல் ஸ்பான்சராக உள்ளே வந்தது. 1990இல் கிளப் தலைவர் எர்னஸ்டோ செரெசினி இறந்தபின் முழுக் கட்டுப்பாடும் அதன் கைக்குப் போனது. நெவியோ ஸ்காலாவின் பயிற்சியில் அந்த ஆண்டே சீரி ஏ. 1992 முதல் 2002 வரை எட்டுக் கோப்பைகள்: கோப்பா இத்தாலியா மூன்று, யூஏஃபா கோப்பை இரண்டு, வெம்பிளியில் ஆன்ட்வெர்ப்பை 3-1 என வென்று எடுத்த கப் வின்னர்ஸ் கோப்பை, ஏசி மிலானைத் தோற்கடித்து எடுத்த ஐரோப்பிய சூப்பர் கோப்பை, 1999இன் இத்தாலிய சூப்பர் கோப்பை. லீக் பட்டம் மட்டும் கிடைக்கவில்லை. அன்செலோட்டி பயிற்சியாளராக இருந்த 1996-97இல் யுவென்டஸைவிட இரண்டே புள்ளி குறைவு.

அந்த அணியின் ஆட்டம் உண்மையானது. மாஸ்கோவில் மார்செய்யை 3-0 என வென்ற 1999 யூஏஃபா கோப்பை இறுதிப்போட்டியை இன்று பார்த்தாலும் அந்தத் தற்காப்பின் ஒழுங்கு மலைக்க வைக்கும். அதற்கான பணம்தான் கிளப் சம்பாதித்ததாக இல்லை. டார்டினி மைதானத்தில் இருபத்திரண்டாயிரம் பேர் உட்காரலாம். டிக்கெட்டும் தொலைக்காட்சிப் பங்கும் சேர்ந்தாலும் அந்தச் சம்பளப் பட்டியலைத் தாங்காது. வருடா வருடம் விழுந்த துண்டைப் பார்மலாட் அடைத்தது. 2000இல் க்ரெஸ்போவை அப்போதைய உலக சாதனை விலைக்கு லாட்ஸியோவுக்கு விற்றார்கள். 2001இல் பஃபோன் சுமார் 10,000 கோடி லீராவுக்கு, அதாவது ஏறத்தாழ 5.2 கோடி யூரோவுக்கு, யுவென்டஸ் போனார். துராமும் அதே கோடையில் அங்கேயே போனார். வெளியே வலிமையாகத் தெரிந்த கிளப் உள்ளே காசுக்குத் திணறியது என்பதற்கு இந்த விற்பனைகளே சாட்சி.

2003 டிசம்பரில் பார்மலாட்டின் கேமன் தீவுத் துணை நிறுவனத்தின் பெயரில் 395 கோடி யூரோ இருப்பதாகக் காட்டிய ஆவணம் போலி என்று பேங்க் ஆஃப் அமெரிக்கா அறிவித்தது. அப்படி ஒரு வங்கிக் கணக்கே கிடையாது. தோண்டத் தோண்டக் கடன் 1,400 கோடி யூரோ அளவுக்குப் போனது. டான்ஸி பின்னர் மோசடிக்காகத் தண்டிக்கப்பட்டார்.

அப்படியும் கிளப் சாகவில்லை. பெரிய தொழில் நிறுவனங்கள் நொடிந்தால் அரசு நியமிக்கும் ஆணையர் அவற்றைத் தொடர்ந்து நடத்தலாம் என்று அப்போது இத்தாலியில் அவசரமாக ஒரு சட்டம் வந்தது. பார்மலாட் குழுமத்தின் பகுதி என்பதால் கிளப்பும் 2004 வசந்தத்தில் அதற்குள் போனது. பழைய நிறுவனத்தின் விளையாட்டு உரிமையைப் புதிய நிறுவனத்துக்கு மாற்றி, வீரர்களை விற்று, சம்பளத்தைக் குறைத்து ஓட்டினார்கள். அட்ரியானோ அந்த ஜனவரியிலேயே இன்டருக்கு விற்கப்பட்டார். 2005இல் கிலார்டினோவின் 23 கோல்கள் இருந்தும் பொலோன்யாவுடன் இரண்டு ஆட்டப் பிளேஆஃப் ஆடித்தான் சீரி ஏவில் தங்க முடிந்தது. ரியல் மாட்ரிட்டின் முன்னாள் தலைவர் லொரென்சோ சான்ஸ் வாங்க முன்வந்தார், பணம் முடியவில்லை. 2007 ஜனவரியில் தொழிலதிபர் டொமாசோ கிரார்டி வாங்கினார். ஆள் கிடைக்கும் வரை மூன்று வருடம் காத்திருக்கச் சட்டம் இடம் கொடுத்தது. 2015இல் கிடைக்காமல் போனது அந்த அவகாசம்தான்.

இரண்டாம் வீழ்ச்சியைப் புரிந்துகொள்ள ஒரு சின்னக் கணக்கு வேண்டும். ஒரு வீரரை 5 கோடிக்கு, ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் வாங்கினால், செலவு வருடத்துக்கு 1 கோடியாகப் பிரிக்கப்படும். மூன்று வருடம் கழித்து ஏட்டில் அவர் மதிப்பு 2 கோடி. அவரை 3 கோடிக்கு விற்றால் அந்த ஆண்டு 1 கோடி லாபம் என்று எழுதலாம். இத்தாலியர்கள் இதைப் பிளஸ்வலென்ஸா என்பார்கள். இதுவரை நேர்மையான கணக்கு. இப்போது இரண்டு கிளப்புகள், ஏட்டு மதிப்பு கிட்டத்தட்ட பூஜ்யமான தங்கள் இளம் வீரர்களில் ஒருவரை ஆளுக்கு 50 லட்சம் என்று விலை போட்டு மாற்றிக்கொள்கின்றன என்று வையுங்கள். ஒரு காசு கைமாறவில்லை. இரண்டு கிளப்பும் அந்த ஆண்டு 50 லட்சம் லாபம் காட்டும். ஆனால் உள்ளே வந்த பையனின் 50 லட்சம் விலை அடுத்த ஐந்தாண்டுகளும் தலா 10 லட்சம் செலவாக இறங்கும். அதை மறைக்க அடுத்த கோடையில் இன்னும் அதிக மாற்றுகள் தேவை. வந்தவர்களுக்குச் சம்பளமும் கொடுக்க வேண்டும். லாபம் காகிதத்தில், சம்பளம் ரொக்கத்தில்.

கிரார்டியின் கடைசி ஆண்டுகளில் பார்மாவின் பதிவேட்டில் இருநூறுக்கும் மேற்பட்ட வீரர்கள் இருந்தார்கள். டார்டினியில் முப்பது பேரைத்தான் ரசிகர்கள் பார்த்தார்கள். மீதிப் பேர் இத்தாலி முழுக்கவும் வெளிநாட்டிலும் இரவல். இந்தப் பழக்கம் பார்மாவோடு முடியவில்லை. 2018இல் கியேவோ கிளப்புக்கு இளம் வீரர் பரிமாற்ற மதிப்புகளுக்காக 3 புள்ளி வெட்டினார்கள். அந்தப் பரிமாற்றங்களில் எதிர்த்தரப்பில் இருந்த செசேனா கிளப் அதே கோடையில் திவாலானது.

முதல் விரிசல் 2014 மே மாதம் தெரிந்தது. ஆறாம் இடம் பிடித்த பார்மாவுக்கு ஐரோப்பியப் போட்டிகளில் ஆடும் உரிமம் மறுக்கப்பட்டது. வீரர்களுக்குக் கொடுத்த தொகைகள் மீது பிடித்துக் கட்ட வேண்டிய வருமான வரி சுமார் 3 லட்சம் யூரோ காலத்தில் கட்டப்படவில்லை. இடம் டொரினோவுக்குப் போனது. கிளப்பின் அளவுக்கு அது சில்லறைத் தொகை, ஆனால் வரி நிலுவைதான் எப்போதும் முதல் அறிகுறி. வீரர் சத்தம் போடுவார், வங்கி நோட்டீஸ் அனுப்பும், வரி இலாகா மட்டும் கொஞ்ச நாள் பேசாமல் இருக்கும். காசு தட்டுப்படும்போது எல்லா நிர்வாகமும் முதலில் அங்கேதான் கை வைக்கிறது.

2014 டிசம்பரிலும் 2015 பிப்ரவரியிலுமாகக் கிளப் இரண்டு முறை கைமாறியது. இரண்டாம் முறை விலை ஒரு யூரோ. புதிதாக வந்தவர்கள் சம்பளம் வரும் என்று தேதி சொன்னார்கள், வரவில்லை. பிப்ரவரி 22இல் உதினேசேயுடன் டார்டினியில் நடக்க வேண்டிய ஆட்டம், மைதானக் காவலர்களுக்குக் கொடுக்கப் பணம் இல்லாததால் தள்ளிப்போனது. அடுத்த வாரம் ஜெனோவா ஆட்டமும் நடக்கவில்லை. மார்ச் 19இல் நீதிமன்றம் திவால் அறிவித்தது. கடன் 20 கோடி யூரோவுக்கு மேல். பருவத்தை முடிக்க சீரி ஏ கிளப்புகள் சேர்ந்து 50 லட்சம் யூரோ கொடுத்தன. சம்பளம் வராத அந்த வீரர்கள் ஏப்ரலில் சாம்பியன் யுவென்டஸை 1-0 என வென்றார்கள். 7 புள்ளி வெட்டுக்குப்பின் 19 புள்ளிகளுடன் கடைசி இடத்தில் முடித்தார்கள். அந்த அணியை மோசமான அணி என்று சொல்ல எனக்கு மனம் வராது.

உங்கள் முக்கியக் கேள்விக்கு வருகிறேன். திவாலான இத்தாலியக் கிளப்பை ஏலத்தில் வாங்குபவர், பொதுக்கடனை விட்டுவிடலாம். ஆனால் விளையாட்டுக் கடன் என்று தனியாக ஒன்று உண்டு: வீரர்கள், பயிற்சியாளர்கள், மற்ற கிளப்புகளுக்குத் தர வேண்டியது. இத்தாலியக் கால்பந்து சம்மேளன விதிப்படி அதை முழுதாக ஏற்றால்தான் அந்தப் பிரிவில் ஆடும் உரிமை அவருக்கு மாறும். அதையும் பருவப் பதிவுக்கு முன் முடிக்க வேண்டும். பாரி கிளப் 2014இல் இதே வழியில் தப்பியது: மார்ச்சில் திவால், மே மாதம் ஏலம், இரண்டாம் நிலையான சீரி பியில் இடம் பத்திரம். பார்மாவிலும் அதே திட்டம். நீதிமன்றம் நியமித்த பொறுப்பாளர்கள் வீரர்களிடம் பேசிப் பேசி விளையாட்டுக் கடனைச் சுமார் மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தார்கள். அப்படியும் இரண்டு கோடி யூரோவுக்கு மேல் நின்றது. அதோடு சீரி பியில் ஒரு பருவம் நடத்தும் செலவு. இருநூறு ஒப்பந்தங்களின் பாரம் இங்கேதான் கழுத்தைப் பிடித்தது. ஜூன் 22 கெடுவுக்குள் யாரும் பணம் வைக்கவில்லை.

இன்னொரு துரதிர்ஷ்டமும் சேர்ந்தது. 2004 முதல் லோடோ பெட்ருச்சி என்று ஒரு ஏற்பாடு இருந்தது. நொடிந்த கிளப்பின் ஊரில் புதிய நிறுவனம் தொடங்கினால் ஒரே ஒரு பிரிவு கீழே சேர்த்துக்கொள்வார்கள். 2005இல் டொரினோ அப்படித்தான் சீரி பியில் தொடங்கியது. சம்மேளனம் 2014இல் அதை நீக்கியது. பார்மா ஒரு வருடம் முன்பே வீழ்ந்திருந்தால் சீரி டி வரை போயிருக்காது. நீக்கியது சரி என்றுதான் நினைக்கிறேன். கடனைக் கழற்றிவிட்டு ஒரு படி மட்டும் இறங்கலாம் என்றால், ஒழுங்காக வரியும் சம்பளமும் கட்டிய கிளப்புகளுக்கு அது அநியாயம்.

2015 கோடையில் பார்மா கால்ச்சோ 1913 என்ற புதிய நிறுவனம் பதிவானது. பாரில்லா, பிட்ஸரோட்டி, ரேஸ் கார் கட்டும் டல்லாரா உள்ளிட்ட உள்ளூர்த் தொழிலதிபர்கள் பணம் போட்டார்கள். ரசிகர்கள் வாங்க ஒரு சிறு பங்கும் ஒதுக்கப்பட்டது. தலைவர் நெவியோ ஸ்காலா, பயிற்சியாளர் அவருடைய பழைய தற்காப்பு ஆட்டக்காரர் அப்போலோனி. முந்தைய அணியிலிருந்து கேப்டன் அலெஸ்ஸாண்ட்ரோ லூக்கரெல்லி 38 வயதில் தங்கினார். சீரி டியில் பெயரளவில் எல்லாரும் தொழில்முறை அல்லாதவர்கள். அப்போது இருபது வயதை ஒட்டிய நான்கு இளைஞர்கள் எப்போதும் களத்தில் இருந்தாக வேண்டியிருந்தது. ஒன்பது குழு, ஒவ்வொன்றிலும் முதலிடத்துக்கு மட்டும் ஏற்றம். அந்த மட்டத்தில் ஒன்பதாயிரத்துக்கும் மேல் சீசன் டிக்கெட் விற்றது. 38 ஆட்டம், 28 வெற்றி, 10 சமன், தோல்வியே இல்லை.

அடுத்த வருடம், சீரி சியில், அத்தனை இனிமையாக இல்லை. ஆட்டம் தடுமாறியது, நவம்பரில் அப்போலோனி நீக்கப்பட்டார், ஸ்காலாவும் விலகினார். நேரடி ஏற்றம் வெனிஸுக்குப் போக, 28 அணிகள் ஆடிய நீண்ட பிளேஆஃபில், ஃப்ளோரன்ஸில் அலெஸ்ஸாண்ட்ரியாவை 2-0 என வென்று ஏறினார்கள். அடுத்தது சீரி பி. அதன் கடைசி நாளான 2018 மே 18இல் ஸ்பெட்ஸியாவை அதன் ஊரில் 2-0 என வென்றார்கள். அதே நேரம் ஃப்ரோஸினோனே ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் ஃபோஜியா சமன் செய்ய, 72 புள்ளிகளில் பார்மாவும் ஃப்ரோஸினோனேயும் சமம். நேருக்கு நேர் ஆடிய கணக்கில் பார்மா மேலே, அதனால் ஏற்றம். டியிலிருந்து ஏவுக்குத் தொடர்ந்து மூன்று ஏற்றம் இத்தாலியில் அதற்குமுன் யாரும் செய்ததில்லை. லூக்கரெல்லி அந்தக் கோடையில் ஓய்வு பெற்றார்.

இப்போதைய நிலை. 2020 செப்டம்பரில் அயோவாவைச் சேர்ந்த கைல் க்ராஸ் 90 சதவீதம் வாங்கினார். முதல் பருவமே 20 புள்ளிகளுடன் கடைசி இடம். மூன்று வருடம் சீரி பி, 2024இல் பெக்கியாவின் பயிற்சியில் முதலிடம், திரும்ப சீரி ஏ. க்ராஸ் தன் பணத்தை மூலதனமாக உள்ளே போடுகிறார். இது டான்ஸி காலத்தைவிட நல்லது, ஏனென்றால் மூலதனம் திருப்பித் தர வேண்டிய கடன் இல்லை. ஆனால் துண்டை முதலாளி அடைக்கிறார் என்ற நிலை அப்படியேதான் இருக்கிறது, அதனால் ‘இனி நடக்காது’ என்று எழுதித் தர என்னால் முடியாது.

பயப்படலாமா என்று நீங்களே பார்க்க வழி உண்டு. ஆண்டு அறிக்கையில் வீரர் விற்பனை லாபத்தைத் தனியாக எடுத்து, அதில் ரொக்கமாக வந்தது எவ்வளவு, பரிமாற்றத்தில் எழுதியது எவ்வளவு என்று பிரியுங்கள். 2024இல் சாம்ப்டோரியாவிலிருந்து வாங்கிய இளம் தற்காப்பு வீரர் லியோனியை ஒரு வருடத்தில் லிவர்பூலுக்குச் சுமார் 3 கோடி யூரோவுக்கு விற்றது ரொக்கம். அதுபோன்றவை பாதிக்கு மேல் இருந்தால் கவலை குறைவு. சம்பளத்தையும் வீரர் விலையின் வருடாந்தரக் கழிவையும் கூட்டி, வீரர் விற்பனை சேராத வருமானத்தோடு ஒப்பிடுங்கள். வருடா வருடம் செலவு அதைத் தாண்டினால் முதலாளியின் பொறுமைதான் கிளப்பின் ஆயுள். பருவ நடுவில் வரி அல்லது சம்பள நிலுவைக்காக ஒரே ஒரு புள்ளி வெட்டப்பட்டாலும் அதைச் சின்னச் செய்தி என்று தாண்டிப் போகாதீர்கள்.