நுண்ணுயிரியலில் பிஎச்.டி. செய்பவர்களின் ஆய்வக வாழ்க்கை உண்மையில் எப்படி இருக்கும்?

எம்.எஸ்சி. முடித்துவிட்டு, எந்தத் தலைப்பில் சேரலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள். நான் சென்னையில் ஒரு நுண்ணுயிரியல் துறையில் ஆறு வருடம் இருந்து பிஎச்.டி. முடித்தவள். ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற மண் பாக்டீரியாதான் என் வேலை. தலைப்பைவிட, யாரோடு இருக்கப்போகிறீர்கள் என்பதை முதலில் பாருங்கள். ஏன் சொல்கிறேன் என்றால், அங்கே உங்கள் நேரம் உங்கள் கையில் இருக்காது.

ஈ. கோலை என்ற குடல் பாக்டீரியா நல்ல வளர்ப்பு ஊடகத்தில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பெருகிவிடும். இன்று மாலை பிளேட்டில், அதாவது ஊடகம் ஊற்றிய வட்டத் தட்டில், தீற்றினால் நாளைக் காலை பார்த்துவிடலாம். என் பாக்டீரியா அப்படி இல்லை. பிச்சாவரம் அலையாத்திக் காட்டிலிருந்து மண் எடுத்து வந்து, காயவைத்து, கரைத்து, ஸ்டார்ச் கேசின் அகார் என்ற ஊடகத்தில் பரப்பினால் ஏழு முதல் பதினான்கு நாள் காத்திருக்க வேண்டும். நடுவில் ஒரு பூஞ்சை விழுந்தால் பிளேட் முழுவதும் பஞ்சு போல மூடிவிடும், மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆனால் நன்றாக வந்த பிளேட்டில் சுண்ணாம்புப் பொடி தூவியது போலக் காலனிகள் நிற்கும். மூடியைத் திறந்தால் மண்வாசனை வரும். கோடை மழையின் முதல் தூறலில் எழுமே, அதே வாசனைதான். ஜியோஸ்மின் என்ற பொருளால் வருவது, மண்ணில் அதை உண்டாக்குவதும் பெரும்பாலும் இந்த ஸ்ட்ரெப்டோமைசிஸ் கூட்டம்தான். ஆறு வருடத்தில் எனக்கு அது சலிக்கவே இல்லை.

பாக்டீரியா வளரும் ஃபிளாஸ்க்கை ஷேக்கரில், அதாவது குலுக்கும் இயந்திரத்தில், வைத்துவிட்டால் ஏழு நாளும் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை சாம்பிள் எடுக்க வேண்டும். காலை ஆறு, மாலை ஆறு. ஒரு தடவை அது பொங்கலன்று வந்து விழுந்தது. அன்று என்னை ஊருக்கு அனுப்பிவிட்டு இரண்டு வேளையும் எடுத்து, நேரத்தோடு என் நோட்டில் எழுதி வைத்தவர் என் சீனியர் அக்கா. அவருடைய கைடும் என் கைடும் வேறு வேறு. அவர் எனக்குச் செய்யவேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. ரம்ஜான் மாதத்தில் அவர் வீட்டிலிருந்து டப்பாவில் கடல்பாசி வரும். நாங்கள் பிளேட் ஊற்றும் அகாரும் அந்தக் கடல்பாசியும் ஒரே சரக்குதான். அதை ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தது சமையலறை அறிவு என்பதும் உண்மை. 1881-இல் நுண்ணுயிரியல் முன்னோடி ராபர்ட் காக்கின் ஆய்வகத்தில் வேலை பார்த்த வால்தர் ஹெஸ்ஸே, பாக்டீரியா வளர்க்கப் போட்ட ஜெலாட்டின் உருகி ஓடுகிறதே என்று தவித்தபோது, ஜாம், ஜெல்லிக்குத் தான் போடும் அகாரைப் போட்டுப் பார்க்கச் சொன்னவர் அவருடைய மனைவி ஃபேனி.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வந்தது. எங்கள் வளாகத்தில் மரங்கள் விழுந்து, மூன்று நாள் கரண்ட் இல்லை. ஜெனரேட்டரும் கைவிட்டது. பாக்டீரியாக்களைச் சேமிக்கும் மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர் உருகி, அடியில் தண்ணீர் நின்றது. என் பாக்டீரியாக்கள் பலவற்றை ஸ்போர் (விதை போலத் தாங்கி நிற்கும் வடிவம்) திரட்டாமல், இழைகளாகவே உறைய வைத்திருந்தேன். அது என் தவறு. பாதிக்கு மேல் திரும்ப வளரவில்லை. தீசிஸுக்கு ஆதாரமாக இருந்த ஒன்றும் போய்விட்டது. அக்கா அதற்குள் வேலை கிடைத்து மதுரை போயிருந்தார். போனில் அழுதேன். "அதோட ஸ்லாண்ட் என்கிட்ட இருக்குடி, போன வருஷம் நீதானே குடுத்தே" என்றார். சாய்வாக உறையவைத்த அகாரில் பாக்டீரியா வளர்த்த டியூப்தான் ஸ்லாண்ட். அவருடைய தம்பி பாண்டியன் எக்ஸ்பிரஸில் கொண்டுவந்து எழும்பூரில் என் கையில் கொடுத்தார். பத்தாவது நாள் பிளேட்டைத் திறந்தேன், மண்வாசனை வந்தது.

அந்தப் பாக்டீரியா ஆரஞ்சு சிவப்பாக ஒரு நிறமியைச் சுரக்கும். தன்னைச் சுற்றி அகலமாக ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற நோய்க்கிருமியைக் கொன்றது. புது ஆன்டிபயாடிக் என்று ஒன்றரை வருடம் நம்பினேன். மூலக்கூறின் நிறையை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரத்தில் 1255 என்று வந்தது. ஆக்டினோமைசின் டி! 1940-லேயே அமெரிக்காவில் வாக்ஸ்மனும் உட்ரஃபும் பிரித்தெடுத்த ஆக்டினோமைசின் குடும்பத்தைச் சேர்ந்தது. குழந்தைகளுக்கு வரும் ஒரு சிறுநீரகப் புற்றுநோய்க்கு இன்றும் கொடுக்கும் மருந்து. இந்தத் துறையில் இது அடிக்கடி நடப்பதுதான், தெரிந்ததையே மறுபடி மறுபடி கண்டுபிடிப்போம். அன்று லேப் மீட்டிங்கில் யாரும் என்னைத் தாழ்த்திப் பேசவில்லை. "முதல் மாசமே நிறை பாக்காம விட்டது என் தப்பும்தான்" என்று கைடு எல்லார் முன்னாலும் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தால்தான் நான் பிஎச்.டி.யை விடாமல் இருந்தேன்.

எல்லா இடத்திலும் இப்படி இருக்காது. ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்தின் கதையைப் பாருங்கள். 1943-இல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் அதே வாக்ஸ்மனின் மாணவர் ஆல்பர்ட் ஷாட்ஸ், அடித்தள ஆய்வகத்தில் இரவு பகலாக இருந்து அதைக் கண்டுபிடித்தார். அதைச் சுரந்த இரண்டு பாக்டீரியா வகைகளில் ஒன்று, கோழித் தொண்டையிலிருந்து எடுத்த பிளேட்டில் கிடைத்தது. அந்தப் பிளேட்டைக் கொடுத்தவர் டோரிஸ் ஜோன்ஸ் என்ற சக மாணவி. காசநோய்க்குக் கிடைத்த முதல் ஆன்டிபயாடிக் அது. பிறகு ராயல்டி தன் கைடுக்குப் போகிறது என்று தெரிந்து ஷாட்ஸ் 1950-இல் வழக்குப் போட்டார். இணைக் கண்டுபிடிப்பாளர் என்ற அங்கீகாரமும் ஒரு பங்கும் கிடைத்தன. 1952 நோபல் பரிசு வாக்ஸ்மனுக்கு மட்டும்தான் போனது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

அதனால் சேரும் முன் ஒரு நாள் அந்த ஆய்வகத்துக்குப் போய் உட்காருங்கள். கைடு இல்லாத நேரத்தில் ஸ்காலர்களிடம் பேசுங்கள். பேப்பரில் யார் பெயர் முதலில் வருகிறது, கடைசியாக முடித்தவருக்கு எத்தனை வருடம் ஆனது, ஞாயிற்றுக்கிழமை சாம்பிளை யார் எடுப்பார்கள் என்று கேளுங்கள். ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாய். ஆனால் எனக்கு ஏழெட்டு மாதம் வராமல் இருந்து மொத்தமாக வந்தது உண்டு, கையில் கொஞ்சம் பணம் வைத்துக்கொண்டு சேருங்கள். அப்புறம் ஃப்ரீசர் பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள். முடித்துப் போனவர்களின் டியூபுகளும் பெயரோடு, தேதியோடு அதில் இருந்தால் தைரியமாகச் சேரலாம்.