வாத்தியாரைக் கேளுங்கள்: கூத்துப் பழகும் பிள்ளைகளுக்கு என்ன செய்யலாம்?

(தெருக்கூத்து வாத்தியார் ஒருவர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பகுதி)

வணக்கம் வாத்தியாரே. எனக்கு 22 வயது, செய்யாறு பக்கம் ஒரு கிராமம். பள்ளிக்கூடம் படிக்கும்போதே ஜமாவில் (கூத்துக் குழுவில்) சேர்ந்து ஆறு வருஷமாகக் கூத்து ஆடுகிறேன். பகலில் சிப்காட்டில் ஷூ கம்பெனி வேலை. பங்குனி, சித்திரையில் ராத்திரி முழுக்க ஆடிவிட்டு வேலைக்குப் போக முடியவில்லை. லீவு போட்டால் சம்பளம் பிடிக்கிறார்கள். கூத்தை விட்டுவிடு என்கிறார் அப்பா. கூத்தை நம்பி வாழ முடியுமா? அரசாங்க உதவி ஏதாவது உண்டா?
– ஒரு வாசகர், செய்யாறு வட்டம்

தம்பி, வேலையை விடாதே. கூத்தையும் விடாதே. அப்பா மேல் கோபப்படாதே, அவர் கணக்கு சரியான கணக்குதான். மாசியில் பிடித்தால் ஆடி வரைக்கும் நமக்கு ராத்திரிகள் உண்டு. மழைக்காலம் வந்துவிட்டால் யார் வீட்டுச் சாவுக் காரியத்துக்காவது கர்ண மோட்சக் கூத்து கேட்டு வந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. பாதி வருஷத்துப் பங்குக் காசில் முழு வருஷத்துக்கு உலை வைக்க முடியாது. எங்கள் ஜமாவிலும் தறி நெய்தவர்கள், ஏர் ஓட்டியவர்கள், சூளைக்குப் போனவர்கள்தான் ராத்திரியில் துரியோதனனாகவும் பீமனாகவும் நின்றார்கள்.

உன் வாத்தியாரிடம் ஒன்று கேள். மறுநாள் காலை ஷிஃப்ட் இருக்கிற ராத்திரிகளில் முன் ஜாமத்து வேஷம் கொடுக்கச் சொல். 10 மணிக்குக் களரி கட்டி, அதாவது மேளம் முழங்கிக் கூத்தைத் தொடங்கினால் 2 மணிக்குள் அரிதாரத்தைக் கலைத்துவிட்டு வேப்பமரத்தடியில் கொஞ்சம் கண்ணயரலாம். கிரீடமும் மர அணிகளும் கட்டிக்கொண்டு விடியும் வரை நிற்கிற கட்டை வேஷத்தை விடுமுறைக்கு முந்தின ராத்திரிக்கு வைத்துக்கொள். அப்புறம், வேஷம் மட்டும் போதாது. ஆர்மோனியமோ மிருதங்கமோ, முகவீணை என்கிற ஊதுகுழலோ ஏதாவது ஒன்றைக் கையில் பிடி. முகவீணைக்கு ஆள் கிடைக்காமல் எத்தனை ஜமாக்கள் அல்லாடுகின்றன என்று உனக்கே தெரியும். வாசிக்கத் தெரிந்தவனை நாலு ஜமாவும் கூப்பிடும்.

அரசாங்க உதவியைப் பற்றிக் கேட்டாய். மத்திய கலாச்சார அமைச்சகம் இளம் கலைஞர்களுக்கு ஓர் உதவித்தொகை கொடுக்கிறது. 18 முதல் 25 வயது வரை உள்ளவர்களுக்கு மாதம் 5,000 ரூபாய், இரண்டு வருஷத்துக்கு. குருவிடம் குறைந்தது ஐந்து வருஷம் பழகியிருக்க வேண்டும். நாட்டுப்புறக் கலைகளும் அதில் சேரும். உனக்கு 22 ஆகிறது, ஆறு வருஷம் பழகியிருக்கிறாய். இந்த வருஷமே போடு. அடுத்தது தமிழ்நாடு நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம். 2007-இல் ஏற்படுத்தியது. 18 வயது முடிந்தால் உறுப்பினராகலாம். பிள்ளைகள் படிப்பு, கல்யாணம், மூக்குக் கண்ணாடி, விபத்து என்று சில உதவிகள் உண்டு. நமக்கெதற்கு என்று இளசுகள் அட்டை வாங்காமல் இருக்கிறார்கள். நடுராத்திரியில் வேனிலும் பைக்கிலும் ஊர் ஊராகப் போகிறவர்கள் நாம். அட்டை இல்லாமல் இருக்கக் கூடாது. மாவட்டக் கலை மன்றம் கொடுக்கும் விருதுகளில் 19 முதல் 35 வயதுக்காரர்களுக்கு ‘கலை வளர்மணி’ இருக்கிறது. இதையெல்லாம் விசாரிக்கக் காஞ்சிபுரத்தில் உள்ள மண்டலக் கலை பண்பாட்டு மையத்துக்கு நேரில் போ. போனில் கேட்டால் பாதிதான் காதில் விழும்.

எந்த விண்ணப்பமானாலும் நீ ஆடினாய் என்பதற்கு ஆதாரம் கேட்பார்கள். நம் பிள்ளைகள் சறுக்குவது இங்கேதான். கோயில் திருவிழா நோட்டீஸில் ஜமாவின் பெயர் இருக்கும், வாத்தியார் பெயர் இருக்கும், ஆர்மோனியக்காரர் பெயர் இருக்கும். மற்றவர்கள் எல்லாரும் ‘குழுவினர்’ என்ற ஒரு சொல்லுக்குள் போய்விடுவார்கள். நூறு ராத்திரி ஆடியவன் ஒரு காகிதத்திலும் இருக்க மாட்டான். ஆகவே வாத்தியார்மார்களையும் இந்தப் பகுதி மூலமாகவே கேட்டுக்கொள்கிறேன்: நோட்டீஸ் அடிக்கக் கொடுக்கும்போது பிள்ளைகள் பெயரையும், அன்றைக்குக் கட்டும் வேஷத்தையும் எழுதிக் கொடுங்கள். இரண்டு வரி கூடும், அவ்வளவுதான். தம்பி, ஒவ்வொரு நோட்டீஸையும் ஒரு ஃபைலில் போட்டு வை. அரிதாரத்தோடு ஒரு போட்டோ, அரிதாரம் போடாமல் ஒரு போட்டோ, பின்னால் ஊர்ப் பெயர், தேதி. விருது கொடுக்கும் அதிகாரிக்கு முகத்தில் பச்சை பூசிய உன்னை அடையாளம் தெரியாது.

ஐயா, ஆரணி பக்கம் பிறந்து இப்போது சென்னையில் வேலையில் இருக்கிறேன். ஊரில் கூத்து கற்கும் இளைஞர்களுக்கு ஏதாவது செய்ய ஆசை. அவர்களைச் சென்னைக்கு வரவழைத்து ஒரு மணி நேர நிகழ்ச்சி வைத்துப் பொன்னாடை போர்த்தலாமா?
– ஒரு வாசகி, சென்னை

அம்மா, உங்கள் மனசு பெரிது. ஆனால் அந்தப் பணத்தை ஊரிலேயே செலவழியுங்கள் என்பேன். 2007-இல் சென்னை சங்கமம் வந்தபோது எங்கள் ஆட்கள் பலர் முதல்முதலாகப் பட்டணத்துப் பூங்காக்களில் ஆடினார்கள். பெருமையாகத்தான் இருந்தது, இன்றைக்கும் பெருமைதான். ஆனால் ஒரு மணி நேரக் கூத்தில் பையன் என்ன கற்றுக்கொள்வான்? திரைக்குப் பின்னால் நின்று பாடி, திரையை விலக்கி, இரண்டு சுற்று ஆடுவதற்குள் நேரம் முடிந்துவிடும். ராத்திரி 3 மணிக்குக் கூட்டம் தூங்கி விழும்போது, தொண்டை கட்டியிருக்கும்போது, ஒரு விருத்தத்தை எடுத்து முன்வரிசைக் கிழவியை எழுப்பி உட்கார வைக்கிறான் பாருங்கள், அதுதான் பாடம். அதற்கு ஒரு முழு ராத்திரி வேண்டும், அந்த ராத்திரிக்குச் சம்பளம் வேண்டும்.

உங்கள் ஊர் அம்மனுக்கு ஒரு ராத்திரி கூத்து எழுதி வையுங்கள். இளம் பிள்ளைகள் முக்கிய வேஷம் கட்ட வேண்டும் என்று வெற்றிலை பாக்கு வைக்கும்போதே சொல்லிவிடுங்கள். அரைப் பங்குக்கு ஆடுகிற பையனுக்கு அன்று முழுப் பங்கு போகிறதா என்று கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை. வேஷம் கட்ட ஓர் அறை, கதவுள்ள கழிப்பறை, 9 மணிக்குச் சூடாகச் சாப்பாடு. பெரிய செலவில்லை. மந்தையில் தார்ப்பாய்க்குப் பின்னால் உட்கார்ந்து அரிதாரம் பூசுகிற பையனுக்கு இது எவ்வளவு பெரிய மரியாதை என்பது பூசினவனுக்குத்தான் தெரியும்.

பொருளாகத்தான் கொடுக்க வேண்டும் என்றால் ஒரு செட் கட்டை செய்து கொடுங்கள். கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் எல்லாம் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்குவோம். மரம் லேசாக இருப்பதால்தான் தோளில் கட்டிக்கொண்டு விடிய விடியச் சுழன்று ஆட முடிகிறது. அதன் மேல் வண்ணத் தாளும் கண்ணாடித் துண்டுகளும் ஒட்டுவோம். இளசுகள் பெரும்பாலும் அடுத்தவர் அளவுக்குச் செய்த கட்டையை வாடகைக்கு எடுத்துக் கட்டுகிறார்கள். கயிறு இறுக்கி அக்குளெல்லாம் தோல் உரிந்திருக்கும். அவனவன் தோள் அளவு எடுத்துச் செய்யச் சொல்லுங்கள்.

எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயில் விழாக்குழுவில் இருக்கிறேன். பாரதக் கூத்து பத்து நாள். இளைஞர்கள் பாட்டுக் கச்சேரி வேண்டும் என்கிறார்கள். இரண்டையும் ஒரே ராத்திரியில் வைத்தால் என்ன?
– விழாக்குழு உறுப்பினர், வந்தவாசி

வைக்காதீர்கள். கச்சேரி முடிய 1 மணி ஆகும், கூட்டம் கலைந்த மந்தையில் அதற்கப்புறம் களரி கட்டச் சொல்வீர்கள். கச்சேரிக்கு வேறொரு நாள் ஒதுக்குங்கள், நானும் வந்து கேட்கிறேன். பத்து ராத்திரியில் ஒன்றை, வில் வளைப்போ சுபத்திரை கல்யாணமோ, முப்பது வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளிடமே முழுதாகக் கொடுத்துப் பாருங்கள். உங்கள் ஊர் இளைஞர்களின் கூட்டாளிகள்தான் வேஷம் கட்டி வருவார்கள், பார்க்க வராமலா போய்விடுவார்கள்? இன்னொன்று, பேசிய பணத்தை, துரியோதனன் விழுகிற படுகளம் முடிந்த அன்றே கையில் கொடுத்துவிடுங்கள். ‘வசூல் வரட்டும்’ என்று ஆவணி வரைக்கும் இழுத்தால் முதலில் ஜமாவை விட்டுப் போவது சின்னப் பையன்தான். பெரியவர்கள் எப்படியோ தாங்கிக்கொள்வார்கள்.

என் மகள் ஒன்பதாம் வகுப்பு. கூத்து கற்க ஆசைப்படுகிறாள். பெண் பிள்ளைக்குச் சரிவருமா?
– ஒரு தாய், காஞ்சிபுரம்

சரிவரும் என்பதை உங்கள் ஊர்ப் பக்கமே காட்டியிருக்கிறார்கள். கூத்துக் கலைஞர் பெருங்கட்டூர் ராஜகோபாலும் அவர் மனைவி ஹன்னே டி புரூயினும் புஞ்சரசந்தாங்கலில் 2002 முதல் 2020 வரை நடத்திய கட்டைக்கூத்து (நம் கூத்தின் இன்னொரு பெயர்) குருகுலத்தில் பெண் பிள்ளைகள் பள்ளிப் படிப்போடு கூத்தும் கற்று, ராத்திரி முழுக்க ஆடியிருக்கிறார்கள். குருகுலம் இப்போது இல்லை, ஆனால் அங்கே படித்த பெண்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். வளர்கிற பெண்ணுக்கு ஆண் வாத்தியாரைவிட அவர்களிடம் மனம் விட்டுக் கேட்க நிறைய இருக்கும். காஞ்சிபுரத்தில் மாவட்ட அரசு இசைப் பள்ளி இருக்கிறது, 12 வயது முடிந்தால் சேரலாம். அங்கே குரலிசை கற்கட்டும். கூத்துக்குத் தாளமும் சுருதியும்தான் முதல் படி, அடவு பின்னால் வரும். ராத்திரிக் கூத்துக்குப் போகும்போது நீங்களும் கூடப் போங்கள். ஜமா வேனில் ஒரு அம்மா உட்கார இடம் கேட்டால் எந்த வாத்தியாரும் மறுக்க மாட்டார். மறுத்தால் அந்த ஜமா வேண்டாம், வேறு ஜமா பாருங்கள்.