லுசைலில் எங்கே உட்காரலாம்?

கேள்வி: கத்தாரின் லுசைல் ஓடுதளத்தில் மோட்டோஜிபி மோட்டார் சைக்கிள் பந்தயம் பார்க்கப் போகிறேன். எந்த இடம் நல்லது? முதல் நாள் பயிற்சியில் வண்டிகள் மெதுவாக ஓடுவது ஏன்?

பதில்: முதல் வளைவு தெரியும் இருக்கையாகப் பிடியுங்கள். 1,068 மீட்டர் நேர்ப்பாதையில் முன்வண்டியின் முதுகோடு ஒட்டிவந்து, பிரேக் பிடிக்கும் இடத்தில்தான் முந்துவார்கள். பின்சக்கரம் தரையைவிட்டு எழும், அற்புதமான காட்சி!

ஓடுதளத்தைச் சுற்றிச் செயற்கைப் புல் விரித்திருந்தாலும் காற்று மணலைக் கொண்டுவந்து கொட்டிவிடும், முதல் நாள் மெதுவாக ஓடுவது அதனால்தான். வண்டிகள் ஓட ஓடத்தான் டயர்கள் ஒரு கோடாக அதைத் துடைத்தெடுக்கும். கோட்டைவிட்டு விலகினால் பிடிமானம் போய்விடும். 2008 முதல் இரவுப் போட்டி என்பதால், நேரம் ஏறினால் பனி ஈரமும் சேர்ந்து வழுக்கும்.

காதடைப்பான் கட்டாயம். கேமரா லென்ஸில் மணல் படிந்தால் துணியால் தேய்க்காதீர்கள், கீறிவிடும், ஊதி அகற்றுங்கள்.