‘பூர்வீகமாக’ என்று எப்போது எழுதலாம்?

கேள்வி: ‘தக்காளி எங்கள் ஊரில் பூர்வீகமாக விளைகிறது’ என்று ஒரு கட்டுரையில் எழுதினேன். திருத்தியவர் ‘பூர்வீகமாக’வை அடித்துவிட்டார். தாத்தா காலத்திலிருந்தே விளைகிறதே, என்ன தவறு?

பதில்: அடித்தது சரிதான். எவ்வளவு காலமாக என்பதை அந்தச் சொல் சொல்லாது. எந்த மண்ணில் தோன்றியது என்பதைத்தான் சொல்லும். தக்காளியின் தாயகம் தென் அமெரிக்கா. மிளகாயும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர், போர்ச்சுகீசியர் வழியாக வந்தது. உங்கள் வாக்கியத்துக்குத் ‘தலைமுறை தலைமுறையாக’ போதும். ‘நாட்டுத் தக்காளி’யில் உள்ள ‘நாட்டு’, வீரிய ஒட்டு ரகம் அல்ல என்பதற்கான அடையாளம் மட்டுமே.

ஐயம் வந்தால் அந்த இடத்தில் ‘வேறெங்கிருந்தும் வராமல்’ என்று போட்டுப் படியுங்கள். கண்மாய்க் கரையில் இரண்டு மரங்கள் நிற்கும். ஒன்றில் உருண்டை உருண்டையாக மஞ்சள் பூ, மணி கோத்தது போல இடையிடையே ஒடுங்கிய காய்: அது கருவேலம். இன்னொன்றில் பூ நீளக் கதிராக இருக்கும்: சீமைக்கருவேலம், அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. முன்னதற்குப் ‘பூர்வீகமாக’ பொருந்தும். பின்னது எத்தனை ஊரை மூடினாலும் பொருந்தாது.

இன்னொரு பிழையும் அடிக்கடி கண்ணில் படுகிறது. பூர்வீகம் என்றால் இங்கே மட்டும்தான் உண்டு என்று பொருளல்ல. கருவேலம் ஆப்பிரிக்காவிலும் இயல்பாக வளரும் மரம். நீலகிரி வரையாடு அப்படியல்ல. அதற்கு ‘மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே’ என்று எழுத வேண்டும்.

சந்தியையும் கவனியுங்கள்: பூர்வீகமாகக் காணப்படும், பூர்வீகமாகத் தோன்றிய. ‘பூர்வீகமாக வாழும்’ என்பதில் ஒற்று மிகாது.

கேள்வி: ஆங்கிலச் செய்தியில் வரும் ‘இண்டிஜினஸ்லி’யையும் ‘பூர்வீகமாக’ என்றே பெயர்க்கலாமா? அது ‘இந்தியா’விலிருந்து பிறந்த சொல்லா?

பதில்: இல்லை. ‘உள்ளே பிறந்த’ என்னும் பொருளுடைய லத்தீன் சொல்லிலிருந்து வந்தது அது. ‘இந்தியா’வோ சிந்து நதியின் பெயர்வழி வந்தது. போர்க்கப்பல் ‘பூர்வீகமாக’க் கட்டப்பட்டது என்றால் பூர்வீகச் சொத்துதான் நினைவுக்கு வரும். 2022-இல் கொச்சியில் கடற்படையில் சேர்ந்த விக்ராந்த், ‘உள்நாட்டிலேயே கட்டப்பட்டது’ என்பதே தமிழ். ‘முழுக்க முழுக்க’ என்பதை மட்டும் முன்னால் ஒட்டாதீர்கள். தேஜஸ் விமானத்தை வடிவமைத்தது இங்கேதான். அதன் என்ஜின் அமெரிக்காவினுடையது.