ஏழு மணி ரயில்

மதிப்புக்குரிய அம்மா,

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத் தொடர்மாடி ஒன்றில் மூன்றாம் மாடியில் இருக்கிறோம். எனக்கு வயது 44. கணக்குப் பகுதியில் வேலை. என் பிரச்சினை சத்தம். காலி வீதியில் பஸ் ஹோர்ன்களுக்குள் நெரிபட்டு வீட்டுக்கு வந்தால், மாமியின் ரீவி முழுச் சத்தத்தில் ஓடும். அவவுக்குக் காது கொஞ்சம் மந்தம், அதைக் குறையாகச் சொல்லவில்லை, ஆனால் ஒரு நாடகம் முடிய இன்னொன்று. மகனுக்குச் சூம் ரியூசன். இவர் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் கதைப்பார். கீழே பாண் விற்கிற சூன் பாண் ஓட்டோ அதே மெட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டு போகும். இதற்குள் ரயில் வேறு. ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிரும். அப்பா இருந்தபோது இரவு ஏழு மணிக்கு யாழ்ப்பாணத்திலிருந்து எடுப்பார், அதைக்கூட ஒழுங்காகக் கேட்க முடியாது, ‘ரயில் போகுதப்பா, பிறகு எடுக்கிறன்’ என்று வைத்துவிடுவேன், கடைசி நாளும் அப்படித்தான். மாமியிடம் சத்தத்தைக் குறைக்கச் சொன்னால் இரண்டு நாளைக்கு முகத்தைத் தூக்கி வைத்திருப்பா.

போன மாதம் இவர் பெத்தகான ஈரநிலப் பூங்காவுக்குக் கூட்டிப்போனார். மரப் பாலத்தில் ஒருவரும் இல்லை. ஒரு கொக்கு தண்ணீரில் அசையாமல் நின்றது. பத்து நிமிடத்தில் எனக்கு நெஞ்சு படபடத்து, ‘வாங்கோ போவம்’ என்றுவிட்டேன். சத்தம் என்னை அந்த அளவுக்குக் கெடுத்துவிட்டது. ஒரேயொரு மணித்தியாலம் தனியாக இருக்க இந்த நகரத்தில் இடமில்லையா? வீடு மாறுவோம் என்றால் இவர் கேட்கிறாரில்லை. அம்மா, மாமியின் ரீவிக்கு நான் என்ன செய்ய?

— வாசகி, வெள்ளவத்தை

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். ரயிலுக்கும் மாமியின் முகத்துக்கும் இடையில் ஒரு வரியில் அப்பா வந்து போய்விடுகிறார். எப்போது காலமானார் என்றுகூட நீங்கள் எழுதவில்லை. நான் அவரைப் பற்றித்தான் கதைக்கப்போகிறேன்.

கரையோரப் பாதையில் விடியற்காலையிலிருந்தே ரயில் ஓடுகிறது. கோட்டைக்கு வேலைக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு காலையில் அடுத்தடுத்து வரும். உங்கள் ஜன்னல் அப்போதும் அதிரத்தானே செய்யும்? அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. நீங்கள் எழுதிய சத்தமெல்லாம் ஏழு மணியைச் சுற்றியே நிற்கிறது.

1960களின் இறுதியிலும் 1970களின் தொடக்கத்திலும் டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் சத்தத்தை வைத்துப் பல பரிசோதனைகள் செய்தார்கள். ஆட்களை இருத்தி, எப்போது வரும் என்று தெரியாத பெரும் சத்தங்களைக் கேட்கவைத்தார்கள். சிலருக்கு மட்டும் ஒரு பொத்தான் கொடுத்து, தாங்க முடியாவிட்டால் அமத்துங்கள், சத்தம் நிற்கும் என்றார்கள். பெரும்பாலானோர் அமத்தவே இல்லை. ஆனாலும் அதன் பிறகு கொடுத்த வேலைகளை அவர்கள் மற்றவர்களைவிட நிதானமாகச் செய்தார்கள். நிறுத்த முடியும் என்ற நினைப்பே அவர்களுக்குப் போதுமாக இருந்தது.

உங்கள் வீட்டில் ரயிலுக்கோ பஸ்ஸுக்கோ ரீவிக்கோ பொத்தான் உங்கள் கையில் இல்லை. உங்களால் நிறுத்த முடிந்த ஒரே சத்தம் அப்பாவின் குரல். அதை நிறுத்தினீர்கள். இதை எழுத எனக்கே கஷ்டமாக இருக்கிறது, ஆனால் நீங்கள் சுற்றிச் சுற்றி வருவது இந்த இடத்தைத்தான். பெத்தகானவில் குற்றம் சாட்ட ரயிலும் இல்லை, மாமியும் இல்லை. அதனால்தான் பத்து நிமிடத்துக்கு மேல் இருக்க முடியவில்லை. வீடு மாறினாலும் அந்தப் பத்து நிமிடம் கூடவே வரும்.

ஒன்று கேளுங்கள். வேலையால் வந்து உலை வைத்துவிட்டு நிற்கிற ஒரு மகள் ‘பிறகு எடுக்கிறன்’ என்று சொல்வது, பிறகு என்று ஒன்று இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான். அதில் அன்புக் குறைவு எதையும் நான் காணவில்லை. அழ வேண்டிய அழுகை மட்டும் மிச்சம் இருக்கிறது.

மாமி விஷயத்தில் நான் உங்கள் பக்கம் இல்லை. காது மந்தமான ஒரு மனுசியிடம் சத்தத்தைக் குறை என்றால், பேசாமல் இரு என்று சொன்ன மாதிரித்தான் அவவுக்குக் கேட்கும். ஒருநாள் லீவு போட்டு அவவைக் காது டொக்டரிடம் கூட்டிப்போங்கள். ரீவி தானாகக் குறையலாம்.

தனியாக இருக்க இடம் கேட்டீர்கள். 57ஆம் ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம் இருக்கிறது, உங்களுக்கு நடை தூரம். விடியற்காலையில் மெரைன் டிரைவில் ஒரு ரயிலுக்கும் அடுத்த ரயிலுக்கும் இடையில் அலைச் சத்தம்தான். போங்கள், ஆனால் இப்போதைக்கு அவசரமில்லை.

அம்மா இருக்கிறாவா? அவவைப் பற்றியும் நீங்கள் எழுதவில்லை. இருந்தால், நாளைக்கு இரவு ஏழு மணிக்கு நீங்களே எடுங்கள். இல்லையென்றால் அப்பாவோடு பிறந்த யாருக்காவது எடுங்கள். பல்கனிக்குப் போய் நின்று கதையுங்கள். ரயில் வரும். ‘ரயில் போகுது, கொஞ்சம் பொறுங்கோ’ என்று சொல்லிவிட்டு, கடைசிப் பெட்டி போகும்வரை போனை வைக்காமல் நில்லுங்கள்.